மூன்றாவது கைக்கு முப்பத்திரண்டு

வாள் ஏழு என்ற சீட்டை யாரோ கடித்திருந்தார்கள்.

முதலில் அவளுக்கு அது அரக்குப் பூச்சு பெயர்ந்துபோன இடம் போலத்தான் பட்டது. பிற்பகல் மூன்று மணி. பின்னறையின் ஒற்றை ஜன்னல் வழியாக வெயில் மேசையின் பாதிவரை வந்து நின்றிருந்தது. மீதிப் பாதிக்கு மேசை விளக்கை இழுத்து வைத்து, அதன் கீழே பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அன்று காலை பார்சலில் வந்த மரப்பெட்டியிலிருந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, எண்ணி, வெள்ளைத் துணியின்மேல் பரப்பிக்கொண்டிருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டச் சீட்டுகள். துணியை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, மேலே மயிரிழைத் தூரிகையால் படம் எழுதி, அதற்கும் மேலே அரக்கு பூசிய பழைய இந்தியச் சீட்டுகள். கஞ்சிஃபா என்பார்கள். எட்டு இனம், இனத்துக்குப் பன்னிரண்டு. ஒரு ராஜா, ஒரு மந்திரி, ஒன்று முதல் பத்துவரை எண்கள். மொத்தம் தொண்ணூற்றாறு. வட்டமாக இருப்பதால் ஓரம் மூலையே இல்லாமல் ஓடியது. முதுகுப் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே ரத்தச் சிவப்பு, ஒரு கோடுகூட இல்லாமல்.

ஒன்பது வருஷமாக அவள் இவற்றைச் சேர்க்கிறாள். பதினான்கு பெட்டிகள் இருந்தன. ஒன்றுகூட முழுசில்லை. ஒன்றில் மந்திரி இல்லை, ஒன்றில் மகுட இனமே இல்லை, ஒன்றில் வெறும் பத்தொன்பது சீட்டுதான். இந்தப் பெட்டியில் தொண்ணூற்றாறும் இருந்தன. மூன்று முறை எண்ணிவிட்டாள். மூன்றாவது முறை எண்ணும்போதுதான் விளிம்பில் அந்தப் பள்ளம் விரலில் தட்டியது.

வேறு யாராக இருந்தாலும் பெட்டியில் இடிபட்டிருக்கும் என்று விட்டிருப்பார்கள். அவளால் விட முடியவில்லை. ஏனென்றால் அவள் பல் செய்பவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பின்னறையில் உட்கார்ந்து மெழுகிலும் பீங்கானிலும் பல் செய்து அனுப்புகிறவள். இருபத்தாறு வருஷத் தொழில். தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர்; சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருந்தது. அறைச் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் வாய்கள், முந்நூறுக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் ஓர் எண்; சிலவற்றில் பென்சிலால் ஒரு குறிப்பு. ‘தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவர்.’ ‘சிகரெட் கிடையாதாம். பொய்.’

ஆகவே ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. மேல்வரிசை, நடு வெட்டுப்பல், வலப்பக்கம். வளர்ந்த ஆளுடையது. அழுத்திக் கடிக்கவில்லை. பதம் பார்ப்பதுபோல, மெதுவாக.

சீட்டை மூக்கருகே கொண்டுபோனாள். பழைய அரக்கின் வாசனை, அலமாரித் தூசியின் வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று. தூங்கி எழுந்து இன்னும் கொப்பளிக்காத வாய்.

சாயங்காலம் கணவர் வந்ததும் காட்டினாள். லிஃப்ட் மெக்கானிக், நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருகிறவர் என்பதால் வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டுதான் சட்டையைக் கழற்றுவார்.

“என்ன டாக்டரே, இன்னிக்கு யார் வாயில கைய விட்டிருக்கீங்க?”

“இங்க வாங்க. இதப் பாருங்க. யாரோ கடிச்சிருக்காங்க.”

“எலியா இருக்கும்.”

“எலிக்கு இவ்வளவு அகலப் பல்லா? அப்ப அது எலி இல்ல, உங்க சூப்பர்வைசர்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது இடப்பக்கக் கோரைப்பல் தெரிந்தது, முனை உடைந்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்பேனரைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏணி ஏறிய வீரத்தின் மிச்சம். அதைச் சரிசெய்து தருகிறேன் என்று அவள் இருபது வருஷமாகக் கேட்கிறாள். அளவுகூட எடுத்து வைத்திருக்கிறாள். “வீட்ல ஒரு பல்லாவது உன் கை படாம இருக்கட்டும்” என்று அவர் நழுவிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் புதுச்சீட்டை எடுத்து விளையாட உட்கார்ந்தார்கள். அவருக்குச் சீட்டில் பெரிய ஆர்வம் கிடையாது, அவளுக்காக ஆடுவார். இந்த ஆட்டம் மூன்று பேருக்கானது. ஆளுக்கு முப்பத்திரண்டு. வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். அதனால் மூன்றாவது கையை எப்போதும் காலி நாற்காலிக்கு முன்னால் குப்புறப் போட்டு வைப்பார்கள். அதன் முறை வரும்போது யாராவது ஒருவர் மேல்சீட்டைத் திருப்பிவிடுவார். அதற்கு ‘சும்மா கை’ என்று பெயர் வைத்திருந்தார் அவர். சும்மா கை இதுவரை ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

அன்றைக்கு ஜெயித்தது. பகல் ஆட்டத்தில் பொற்காசு ராஜா வைத்திருப்பவர்தான் முதலில் இறங்க வேண்டும்; அது சும்மா கையில் இருந்தது. அடுத்த ஆட்டத்திலும் அங்கேதான் இருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் அவர் சீட்டைத் தானே இரண்டு தடவை கலைத்துப் போட்டார். அப்போதும் அங்கேதான்.

“சும்மா கை சும்மா இல்லடி” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த ஆட்டம் வேண்டாம் என்று எழுந்துபோய் விளக்கைப் போட்டார். மணி மூன்றரைதான். வெளியே நல்ல வெயில்.

அவள் சீட்டுகளைச் சேர்த்து அடுக்கினாள். தன் கை, அவர் கை, மூன்றாவது கை. மூன்றாவது கையை எடுத்தபோது விரல் வழுக்கியது. விளிம்பெல்லாம் ஈரம். தண்ணீர் இல்லை. கொழகொழவென்று, வெதுவெதுப்பாக. இருபத்தாறு வருஷமாக வாய் அச்சுகளில் கையுறை போட்டுக்கொண்டு தொட்ட ஈரம் அது; எங்கேயும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

அவரிடம் சொல்லவில்லை. துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்து, மூடியை நகர்த்தி மூடினாள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் பெட்டியைத் திறந்தாள். படம் எடுத்து வைக்கலாம் என்றுதான் திறந்தாள். கடிபட்டவை ஏழு சீட்டுகள் ஆகியிருந்தன. யாழ் மூன்றில் இரண்டு பல். ஓலை மந்திரியின் மேல்விளிம்பில் நான்கு. மூட்டைப் பத்தில், மேலும் கீழுமாக, சீட்டின் கால்வாசியைச் சுற்றி அரைவட்டமாக ஒரு முழுக்கடி. அரக்கு தூள்தூளாகக் கொட்டியிருந்தது. உள்ளே துணி நார் வெளியே தெரிந்தது.

பயந்தால் அவளுக்குக் கை வேலை தேடும். அப்படித்தான் பழக்கம். அளவெடுக்கும் சிலிக்கான் மாவைப் பிசைந்து மூட்டைப் பத்தின் கடிவாயில் அழுத்தினாள். இறுகியதும் உரித்து, பிளாஸ்டர் கரைத்து ஊற்றினாள். பிளாஸ்டர் கெட்டியாகும்போது லேசாகச் சூடேறும். அன்று அந்தச் சூட்டைத் தொடவே பிடிக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலருகே நின்றாள். தெருவில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீர் தகரத்தில் படும் சத்தம் நின்று நின்று கேட்டது. நாற்பது நிமிஷம் கழித்து அச்சைப் பிரித்தாள்.

ஆறு பற்கள். ஒரே வாயில் இருந்தாலும் அவை ஒரே ஆளுடையவை அல்ல. முதல் வெட்டுப்பல் கிழவருடையது, தேய்ந்து தட்டையாக. அதற்கு அடுத்தது பெண்ணுடையது. மூன்றாவதும் நான்காவதும் சிறு வயதுக்காரருடையவை, விளிம்பு இன்னும் ரம்பம் போலிருந்தது. ஐந்தாவது யாருடையதோ. ஆறாவது இடப்பக்கக் கோரைப்பல். முனை உடைந்தது.

அவள் அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து கணவரின் பிளாஸ்டர் வாயை எடுத்தாள். இரண்டையும் விளக்கின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். உடைந்த கோணம், உடைப்பின் ஓரத்தில் ஒரு நுண்ணிய விரிசல், விரிசல் திரும்பும் இடம். எல்லாம் ஒன்றே.

அளவெடுக்கும் கருவியை வைத்தும் பார்த்தாள். ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை.

சரி, அவரே கடித்திருக்கலாம். கேலிக்காக. இல்லை, தூக்கத்தில். தூக்கத்தில் எழுந்து வந்து பெட்டியைத் திறந்து... மனசு ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தது. ஒன்றும் பொருந்தவில்லை. ஆனாலும் அவர் வரும்வரை அதையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. விளக்குகள் எரிந்தன.

“டாக்டரே, ஒரு வேடிக்கை பாரு” என்றார். குரல் வேடிக்கையாக இல்லை. கன்னத்தை விரலால் ஒதுக்கிக் காட்டினார். “மத்தியானம் லிஃப்ட் மேல உக்காந்து கொஞ்சம் கண்ணசந்தேன். முழிச்சா இது இல்ல.”

கோரைப்பல் இருந்த இடத்தில் ஈறு. வெறும் ஈறு, இளஞ்சிவப்பாக, மொழுமொழுவென்று.

“விழுந்துடுச்சா? ரத்தம் வந்துச்சா?”

“ஒரு சொட்டு இல்ல. தேடிப் பாத்துட்டேன். பல்லும் இல்ல. வலியும் இல்ல. அதான் ஒரு மாதிரியா இருக்கு.”

மறுநாள் காலை அவரைத் தான் வேலை செய்து கொடுக்கும் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவளைவிடப் பத்து வயது சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். எக்ஸ்ரே எடுத்து, திரையில் போட்டு, பெரிதாக்கிப் பார்த்தார்.

“அக்கா, எந்தப் பல்லுன்னு சொன்னீங்க?”

“மேல, இடப்பக்கக் கோரைப்பல்.”

“பல்லு விழுந்தா எலும்புல குழி இருக்கும். நேத்து விழுந்திருந்தா பளிச்சுன்னு தெரியும். இங்க எலும்பு ஒரே சீரா இருக்கு. இங்க ஒரு பல்லு முளைச்ச மாதிரியே தெரியலியே.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இன்னொண்ணு. பின்னால ரெண்டு கடைவாய்ப்பல்லும் அதே மாதிரி. சாருக்குத் தெரியுமா?”

சாருக்குத் தெரியாது. நாற்காலியில் சாய்ந்தபடியே நாக்கைப் பின்னால் கொண்டுபோய்த் துழாவினார். துழாவிய நாக்கு ஓரிடத்தில் நின்றுவிட்டது. அவர் முகத்தில் அது நின்ற இடம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியை அனுப்பிய பழைய சாமான் கடைக்காரருக்குப் போன் போட்டாள். அதே ஊரில்தான் கடை. பஸ்ஸில் அரைமணி நேரம்.

“சீட்டுல ஏதாவது குறைங்களாம்மா?”

“குறை இல்ல. இது யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு தெரியணும்.”

மறுமுனையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்தார்.

“உண்மையச் சொல்லிடறேம்மா. ரெண்டு வருஷம் முன்னால ஒருத்தருக்கு வித்தேன். நல்ல வாட்டசாட்டமான ஆளு. நாலு மாசம் கழிச்சுத் திரும்பக் கொண்டுவந்து வச்சாரு. வாயக் கைக்குட்டையால இறுக்கிக் கட்டியிருந்தாரு. ஒரு வார்த்த பேசல. துண்டுச் சீட்டுல ‘இது வேணாம்’னு எழுதி நீட்டினாரு. நான் ஏங்கன்னு கேக்கறதுக்குள்ள போய்ட்டாரு. மூடியில ஆணி அடிச்சிருந்துச்சு. வாங்கறவங்க ஒரு மாதிரி நெனப்பாங்கன்னு நான்தான் புடுங்கினேன்.”

“எத்தனை ஆணி?”

“ஏம்மா கேக்கறீங்க? இருபதுக்கு மேல இருக்கும்.” பிறகு மெதுவாக, “திருப்பிக் கொண்டாந்துடுங்க. இன்னிக்கே” என்றார்.

அன்றைக்கே கொண்டுபோயிருக்கலாம். பஸ் இருந்தது. வெயில் இருந்தது. பெட்டியைத் துணிப்பையில்கூட வைத்தாள். வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை என்று மூடியைத் திறந்தாள். தொண்ணூற்றாறு. எட்டு ராஜாக்களும் எட்டு மந்திரிகளும் யானைமேலும் குதிரைமேலும் சிம்மாசனத்திலும் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரே முழுப்பெட்டி. எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டு நாளைக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தாள். படம் எடுக்க இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு சீட்டையும் தூக்கும்போது, இது தப்பு, இது தப்பு என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. கை அடுத்த சீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அந்த இரண்டு நாளில் அவருக்கு முன்வரிசை முழுதும் போய்விட்டது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டார். ரொட்டியை டீயில் ஊறவைத்து ஸ்பூனால் சாப்பிட்டார். பேச்சு குழறியது. அவள் உட்கார்ந்து அவருக்கு அவசரமாக ஒரு செட் பல் செய்தாள், வாழ்க்கையில் அத்தனை கவனமாக எதையும் செய்ததில்லை. மாட்டிவிட்டாள். கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு மணி நேரத்தில் அதுவும் அவர் வாயில் இல்லை. விழுங்கவில்லை என்று சத்தியம் செய்தார். அலமாரியில் அவருடைய பிளாஸ்டர் வாயைப் பார்க்கப் போனாள். அதிலும் பற்கள் இல்லை. வழித்து விட்டதுபோல இரண்டு வெள்ளை வளைவுகள்.

அது எதற்காகத் தன்னைத் தொடவில்லை என்று யோசித்தாள். தன் பல்லை ஒவ்வொன்றாக நாக்கால் எண்ணினாள். எல்லாம் இருந்தன. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பின்னறையில் பிரிண்டு போட்ட படங்களை ஒட்டிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அரக்கின்மேல் அரக்கு விழும் சத்தம். மரத்தில் காய்ந்த விதை விழுவதுபோல. தட். தட். தட். சற்று நின்று, மறுபடி மூன்று. யாரோ மூன்று கை போடுகிறார்கள்.

போய்ப் பார்த்தாள். கணவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். பெட்டி திறந்திருந்தது. காலி நாற்காலி மேசையை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அவர் கையில் சீட்டுகள் விசிறிபோல விரிந்திருந்தன. முகத்தில் குழந்தைக்கு வேடிக்கை காட்டினால் வருமே, அப்படி ஒரு மலர்ச்சி.

“என்னங்க பண்றீங்க?”

“தும்மா இல்லடி இவரு” என்றார், பல்லில்லாத வாயால். “நல்லா ஆதறாரு.”

காலி நாற்காலிக்கு முன்னால் ஒரு சீட்டு நிமிர்ந்து கிடந்தது. அவர் கை அந்தப் பக்கம் எட்டாது.

அவள் நேராக மேசைக்குப் போனாள். மேசையிலிருந்த சீட்டுகளையும் அவர் கையிலிருந்தவற்றையும் வாரிப் பெட்டியில் கொட்டி, மூடியை நகர்த்தி, பையில் திணித்தாள். அவர் தடுக்கவில்லை. உள்ளங்கை இரண்டையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“நீங்களும் வாங்க. ஒண்ணாப் போயிட்டு வந்துடலாம்.”

தலையை ஆட்டி மறுத்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். அந்த முகத்தோடு பஸ்ஸில் ஏற அவருக்கு வெட்கம். இருபத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அவர் வெட்கப்பட்டு அவள் பார்த்ததில்லை.

“பக்கத்து வீட்ல போய் உக்காந்திருங்க. நான் இருட்டறதுக்குள்ள வந்துடறேன். கேக்குதா? இங்க இருக்காதீங்க.”

சரி என்று தலையசைத்தார்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை, காலடியில் வைத்தாள். எதிரில் இருந்த குழந்தை பையையே பார்த்துக்கொண்டு வந்தது. திடீரென்று தன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள்.

கடைக்காரர் மெலிந்த ஆள், கண்ணாடி மூக்கு நுனியில். பையைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். பின்னால் ஓர் இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

“எண்ணிட்டீங்களாம்மா?”

“எண்ணல. வாரிப் போட்டு எடுத்துட்டு வந்துட்டேன்.”

“முழுசா இருக்கணும்மா.” கவுண்டரில் கொட்டினார். பத்துப் பத்தாக அடுக்கினார். உதடு அசைந்தது. நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அவளும் சேர்ந்து எண்ணினாள். ஆறு அடுக்கும் நான்கும்.

அறுபத்து நான்கு.

“மிச்சம் எங்கம்மா?”

அவள் மேசையை மனசுக்குள் மறுபடி பார்த்தாள். அவர் கையிலிருந்ததை எடுத்தாள். அவளுடைய இடத்தில் கிடந்ததை எடுத்தாள். காலி நாற்காலிக்கு முன்னால் இருந்ததை எடுத்தாள். எடுத்தாளா? கை அங்கே போனது ஞாபகம் இருந்தது. எதையோ தொட்டதும் ஞாபகம் இருந்தது. வெதுவெதுப்பாக. உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

முப்பத்திரண்டு. ஒரு கை.

“வீட்ல யாரும்மா இருக்காங்க?” என்றார் கடைக்காரர்.

அவள் வெளியே ஓடினாள். பஸ்ஸுக்கு நிற்கவில்லை; ஆட்டோ கிடைத்தது. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாள். “அண்ணன் இங்க வரலியே பல்லக்கா” என்றார்கள். “போய்க் கூப்பிடட்டுமா?” வேண்டாம், போகாதீங்க, யாரும் போகாதீங்க என்று கத்தினாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். சிக்னல் சிவப்பாகவே இருந்தது. வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. விளக்கு போடலாமா, வேண்டாமா என்கிற நேரம்.

வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

அவர் வீட்டில் இருந்தால் எல்லா விளக்கும் எரியும். போய்விட்டார். பக்கத்து வீடு இல்லாவிட்டால் வேறெங்காவது. நல்லது. போய்விட்டார். அப்படி நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினாள். தாழ் போட்டிருக்கவில்லை.

அரக்கு வாசனை. அதற்கு அடியில் அந்த வாய்.

தட்.

தட்.

தட்.

“என்னங்க?”

“வந்துட்டியா டாக்டரே?” என்றது அவர் குரல். “வா, உக்காரு. உன் கையப் போட்டாச்சு.”

குழறல் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக, கணீரென்று. இரண்டு மூன்று நாளாகக் கேட்காத குரல். ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. பல் வந்துவிட்டது. எப்படியோ வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக முன்னறைக்குள் இரண்டு அடி வைத்தாள்.

அவர் தன் இடத்தில்தான் இருந்தார். ஜன்னலைப் பார்த்து. அவளுக்கு முதுகு காட்டி.

குரல் அங்கிருந்து வரவில்லை.

மேசையில் மூன்று அடுக்கு. அறுபத்து நான்கு சீட்டை அவள் கடையில் விட்டு வந்திருந்தாள். மூன்று அடுக்கும் முழுசாக இருந்தன.

காலி நாற்காலியில் இருட்டு. மற்ற இருட்டைவிடக் கொஞ்சம் அடர்த்தி. ஓர் ஆள் உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரத்தில் வெள்ளையாக ஒன்று. மேல்வரிசை. கீழ்வரிசை. கிழவர் பல். பெண் பல். பிள்ளைப் பல். அவள் பீங்கானில் செய்த பல். முப்பத்திரண்டு. அவற்றைச் சுற்றி உதடு. தடித்த கீழுதடு. காலையில் அவர் சவரம் செய்தபோது பட்ட சின்னக் கீறல், காய்ந்த ரத்தத்தோடு. அதற்கு மேலே மூக்கு இல்லை. கண் இல்லை. வேறு எதுவும் இன்னும் இல்லை.

“என்னங்க” என்றாள்.

அவர் திரும்பினார்.

கண் இருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மூக்கின் இரு பக்கமும் இறங்கி, அதற்குக் கீழே எங்கேயும் தேங்காமல், தடுக்காமல், நேராகத் தாடைவரை வழுக்கி ஓடியது. மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. ரத்தச் சிவப்பு. மொழுமொழுவென்று. ஒரு கோடுகூட இல்லாமல். ஜன்னலின் கடைசி வெளிச்சம் அந்த அரக்கில் வட்டமாக மின்னியது.

கையில் சீட்டு விசிறியாக விரிந்திருந்தது. அந்தக் கை தானாகவே ஒரு சீட்டை உருவி மேசையில் போட்டது.

அவர் அவளைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டை ஏறி இறங்கியது. ஓடு, ஓடு என்று கண் கெஞ்சியது. முழு பலத்தையும் திரட்டி அவர் அதைச் சொல்ல முயன்றார்.

எதிர் நாற்காலியில் உதடு அசைந்தது.

“உக்காரு” என்றது.